ஏணி

எங்கள் ஊரில் வசந்தம் என்றால் பூ இல்லை, காற்று.
நீரிணையைத் தாண்டி வரும்போதே அதற்குத் தெரியும்
யார் வீட்டுக் கூரை தளர்ந்திருக்கிறதென்று.
புன்டா அரேனாஸின் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ள.
முகம் தெரியாதவர் கையும் நம் கையும்
ஒரே கயிற்றில், ஒரு சாண் இடைவெளியில்.
அதைச் சிநேகம் என்று சொல்லிவிட முடியாது.

அன்று நண்டுத் தொழிற்சாலையில் பாதி நாளில் அனுப்பிவிட்டார்கள்.
விரலிடுக்கில் உப்பு எரிய
வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தேன்.
கதவு தட்டும் சத்தம்.

முன்பின் பார்த்திராத ஆள். நல்ல உயரம்.
யாரோ கொடுத்த மேல்சட்டை, மணிக்கட்டை எட்டவில்லை.
ஹெய்ட்டிக்காரர், மேட்டுத் தெரு வாடகை அறைக்காரர் என்று
நான் எடைபோட்டு முடிப்பதற்குள்
என் கை ரொட்டியை அறுக்கத் தொடங்கியிருந்தது.
மறைப்பானேன், உள்ளே ஒரு சின்ன இனிப்பு ஊறியது.
தடித்த துண்டு. வெண்ணெய் வேறு.
மேலே இருக்கும் கணக்குப் புத்தகத்தில்
என் பெயருக்கு நேரே இன்று ஒரு வரி ஏறும்.

வாங்கிக்கொண்டார். நன்றி சொன்னார். கடிக்கவில்லை.
பைக்குள் பத்திரமாக வைத்துவிட்டு
உடைந்த ஸ்பானிஷில் கேட்டார்:
"அம்மா, உங்களிடம் ஏணி இருக்கிறதா?"

கை நீட்டிக் காட்டியது பக்கத்து வீட்டை.
எல்சிரா மான்சீயாவின் கூரைத் தகடு ஒன்று
பாதி பெயர்ந்து அடித்துக்கொண்டிருந்தது.
கீழே எழுபது வயது எல்சிரா
துடைப்பக் கட்டையால் அதை அமுக்கப் பார்த்தாள்.
துடைப்பத்தால், காற்றை.

எல்சிராவைப் பற்றி அந்த மனிதருக்கு என்ன தெரியும்?
பதினோரு வருஷத்துக்கு முன் இதே தகடு,
இல்லாவிட்டால் இதன் அண்ணன்,
பறந்து வந்து என் கலாஃபாத்தே புதரை வேரோடு சாய்த்தது.
ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள்.
நானும் விடவில்லை.
ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் வந்தால்
நான் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டுவேன்.
அவளுக்குச் சரியாக அப்போதுதான் இருமல் வரும்.
கயிறில்லாத காலணி வாங்கித் தரட்டுமா என்று
பங்குச் சாமியாரே ஒருநாள் கேட்டுவிட்டார்.

ரொட்டி எடையே இல்லாமல் கையை விட்டுப் போயிருந்தது.
ஏணி கனத்தது.
"ஒரு படி உடைந்திருக்கும்" என்றேன்.
அவர் காத்திருந்தார்.
"அவள் உங்களுக்குத் தெரிந்தவளா?"
"இல்லையம்மா. இந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தேன்."

இந்த வழியாக.
ஒரு வேலி தள்ளிக் குடியிருந்துகொண்டே
வழியாகப் போவது எப்படி என்று
பதினோரு வருஷம் பழகியிருந்தவள் நான்.

ஒரு முனை அவர், மறுமுனை நான்.
காற்று ஏணியைப் பாய்மரம்போல் திருப்பியது.
அவர் ஏறும்போது அடியைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது.
இடது காலை நான். வலது காலை எல்சிரா.
மேலே பதினான்கு ஆணி அடித்தார்.
எண்ணினேன், வேறெங்கே பார்ப்பதென்று தெரியாமல்.
பிறகு அவள் விரல்களைப் பார்த்தேன்,
இஞ்சிக் கிழங்குபோல் முறுக்கிக் கிடந்தன.
எப்போது இப்படி ஆயின?

இறங்கினார். பெயர் வில்னோர் என்றார்.
வேலைக்கு நேரமாகிவிட்டதாம்,
ரொட்டியைத் தின்றுகொண்டே
காற்றுக்கு எதிராகச் சாய்ந்து நடந்து போனார்.

எல்சிரா என்னைப் பார்த்தாள்.
நன்றி வரும் என்று நின்றேன். மன்னிப்புகூட.
"ஏணி இங்கேயே கிடக்கட்டும்" என்றாள்,
"நாளைக்கும் காற்று உண்டு."

இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில்
என் காலணிக் கயிறு உண்மையிலேயே அவிழ்ந்துகொண்டது.
குனியாமல் நின்றேன்.
அவள் இருமினாள்.
நிஜ இருமல்போலத்தான் இருந்தது.